கீலேஷன் ஏற்றச் சொல்கிறார்களா? முதலில் இதையெல்லாம் கேளுங்கள்

உடம்பில் சேர்ந்த உலோகத்தை மருந்தால் வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சையைச் செய்யலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் உடம்பில் எந்த உலோகம் கூடியிருக்கிறது, அதை எந்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள்? இதற்கு நேரான பதில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். "இரத்தக் குழாய் அடைப்பு கரையுமாம்", "உடம்பில இருக்கிற நஞ்செல்லாம் போகுமாம்", "கனடாவில மாமா எடுத்தவர், இப்ப நல்ல சுகமாம்" என்பதெல்லாம் பதில் ஆகாது.

இந்த மருந்துகள் செய்வது ஒரே வேலை. இரத்தத்தில் இருக்கும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறும். உலோகம் அல்லாத எதையும் அவை தொடாது. எங்கள் யாழ்ப்பாணக் கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைட்ரேட் கூடியிருப்பது தெரிந்ததுதான், சுன்னாகப் பக்கம் கிணற்றில் எண்ணெய் கலந்த பயமும் இன்னும் பலருக்குப் போகவில்லை. அந்தப் பயத்தைக் காட்டி "உடம்பைச் சுத்தம் செய்கிறோம்" என்று யாராவது சேலைன் போத்தலைத் தூக்கினால் ஏமாறாதீர்கள், நைட்ரேட்டையும் எண்ணெயையும் கீலேஷன் எடுக்காது.

உண்மையில் இது உயிர் காக்கும் இடங்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்புச்சத்து உள்ளே போகிறது, அதை வெளியேற்ற உடம்புக்குச் சொந்தமாக வழி கிடையாது, இதயத்திலும் ஈரலிலும் படிந்து ஆளைக் கொன்றுவிடும். அவர்களுக்கு டெஸ்பெரால் ஊசியோ டெபெராசிரொக்ஸ் குளிசையோ தினசரிச் சாப்பாடு போல. அப்படி எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கும் இதே கதைதான்.

ஈய நஞ்சேற்றத்துக்கும் கீலேஷன் உண்டு, ஆனால் அளவு முக்கியம். குழந்தைகளில் பொதுவாக இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மருந்து பற்றி யோசிப்பார்கள். அதற்குக் கீழே இருந்த 780 குழந்தைகளில் அமெரிக்காவில் செய்த ஆய்வில் மருந்து ஈயத்தைக் குறைத்தது, ஆனால் பிள்ளைகளின் அறிவுத்திறனில் முன்னேற்றம் எதுவும் வரவில்லை. ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை: வீட்டில் பழைய பற்றரி உடைப்பது, வலைக்கு ஈயக்குண்டு உருக்குவது, உரிந்து விழும் பழைய பெயின்ற், யார் செய்தது என்று தெரியாத பற்பமும் செந்தூரமும். அது நிற்காவிட்டால் எத்தனை முறை மருந்து ஏற்றினாலும் ஈயம் மீண்டும் ஏறும். எலும்பில் படிந்ததும் மெல்ல மெல்ல இரத்தத்துக்குத் திரும்பும்.

இனி எல்லோரும் கேட்கும் இதய விசயத்துக்கு வருவோம். மாரடைப்பு வந்த 1,708 பேரை வைத்து டாக்ட் என்ற பெரிய ஆய்வு நடந்து 2013இல் முடிவு வெளியானது. கீலேஷன் மருந்தை 40 தடவை வரை ஏற்றினார்கள், ஒவ்வொன்றும் சில மணித்தியாலம். மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், பைபாஸ் அல்லது ஸ்டென்ட், நெஞ்சுவலியால் வைத்தியசாலையில் அனுமதி என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 30 சதவீதம். நீரிழிவு உள்ளவர்களில் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. விளம்பரம் செய்பவர்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த நம்பிக்கை சரியா என்று பார்க்கவே மாரடைப்பும் நீரிழிவும் இரண்டும் உள்ள ஆயிரம் பேரைச் சேர்த்து இரண்டாவது ஆய்வைச் செய்தார்கள். 2024இல் வந்த முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 36 சதவீதம், வித்தியாசமே இல்லை. இத்தனைக்கும் இரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்திருந்தது! மருந்து தன் வேலையைச் செய்தது, இதயத்துக்குத்தான் பலன் இல்லை. சலரோகமும் அடைப்பும் உள்ள அப்பாவை பைபாஸுக்குப் பதிலாக இதற்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்து எங்கே? ஈடிரிஏ (EDTA) என்ற கீலேஷன் மருந்தில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்றில் கல்சியம் சேர்ந்திருக்கும், மற்றதில் இருக்காது. பெயர்கள் ஒரு சொல்லில்தான் வேறுபடும். கல்சியம் இல்லாத டைசோடியம் வகை இரத்தத்தில் உள்ள கல்சியத்தையே இழுத்துவிடும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் இப்படி மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேர் குழந்தைகள். அதில் ஒரு பையனுக்கு ஏற்றியது ஆட்டிசத்துக்காக. ஆட்டிசத்துக்கு இது உதவும் என்பதற்கு ஆதாரமே இல்லை, பெற்றோரின் தவிப்பை வைத்து விற்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. இதுதவிரச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம், உடம்புக்குத் தேவையான துத்தநாகமும் செம்பும் போய்விடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியேட்டினின் இரத்தத்தில் ஏற்கெனவே கூடியிருப்பவர்கள் மிகவும் கவனம்.

பரிசோதனையிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் சிறுநீரைச் சோதித்து "பாருங்கள், எவ்வளவு உலோகம்" என்று காட்டுவார்கள். அந்த மருந்தைக் குடித்தால் யாருக்கும் அளவு கூடத்தான் செய்யும். மருந்து எதுவும் எடுக்காமல் செய்த இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் கிளினிக் போகும்போது உங்கள் வைத்தியரிடமே சந்தேகத்தைச் சொல்லலாம், அவர் தேவையென்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையத்தோடு பேசிப் பார்ப்பார்.

தனியார் இடம் என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள்: மருந்தின் முழுப் பெயர் என்ன, ஏற்றுபவர் மருத்துவச் சபையில் பதிந்த வைத்தியரா, முன்னும் பின்னும் கல்சியமும் சிறுநீரகமும் பார்ப்பார்களா, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு காசு. எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரும் கீலேஷன் கப்சூலும் வேண்டாம்.

ஏற்றும்போது வாயைச் சுற்றி விறைப்பு, விரல் நுனியில் கூச்சம், கை கால் இழுப்பு, நெஞ்சுப் படபடப்பு ஏதாவது வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ஏற்றிய மருந்தின் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.