ருமேனியாவுக்கு வேலைக்குப் போவது எப்படி? முதல்முறை செல்வோருக்கான படிப்படியான விளக்கம்

2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, ருமேனியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கட்டுமானம், உணவகம், கிடங்கு, தொழிற்சாலை வேலைகளுக்கு இப்போது நேபாளம், இலங்கை, வங்கதேசம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து ஆட்கள் எடுக்கிறார்கள். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தலா ஒரு லட்சம் புதிய தொழிலாளர்களை அனுமதிக்க அந்நாட்டு அரசு முடிவு செய்தது. வாய்ப்பு உண்மையானதுதான். அதன் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பவர்களும் உண்மையாகவே இருக்கிறார்கள். எந்தக் காகிதம் எதற்குப் பிறகு வரும் என்ற வரிசை தெரிந்துவிட்டால் அவர்களில் பெரும்பாலோரை எளிதில் அடையாளம் காணலாம்.

படி 1: முதலாளி யார் என்று பாருங்கள்

உங்கள் வேலை அனுமதி, விசா, வதிவிட அட்டை (அங்கே தங்கியிருப்பதற்கான அனுமதி அட்டை) மூன்றும் ஒரே ஒரு நிறுவனத்தை நம்பியிருப்பவை. அதனால் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே நிறுவனத்தின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். ருமேனிய நிதி அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால், நிறுவனம் எப்போது தொடங்கப்பட்டது, ஆண்டு வருமானம் எவ்வளவு, சராசரியாக எத்தனை ஊழியர்கள் என்பதெல்லாம் இலவசமாகவே தெரியும். இரண்டு ஊழியர்கள் மட்டுமே உள்ள நிறுவனம் ஐம்பது பேரை அழைக்கிறது என்றால் ஏன் என்று கேளுங்கள். பதிவு எண்ணைத் தர மறுக்கும் முகவரிடம் அதற்குமேல் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

முகவரையும் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலைப் பார்க்கலாம். உரிமம் பெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ரசீதும் தர வேண்டும். லட்சங்களில் கேட்கிறார்கள் என்றால், அவர்கள் கேட்பது சட்டம் அனுமதிக்காத பணம். இலங்கையில் இருப்பவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற எண்ணில் அழைத்து, முகவர் நிலையத்தின் உரிமத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். புறப்படும் முன் அங்கே பதிவு செய்வதும் கட்டாயம்.

படி 2: சம்பளக் கணக்கைக் கையில் வரும் தொகையில் போடுங்கள்

ருமேனிய ஒப்பந்தங்களில் 'ப்ரூட்' என்று எழுதியிருப்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. அதிலிருந்து ஓய்வூதியத்துக்கு 25 சதவீதமும் மருத்துவக் காப்பீட்டுக்கு 10 சதவீதமும் போகும். மீதியில் 10 சதவீதம் வருமான வரி. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 4,050 லெய்யாக (லெய் என்பது ருமேனிய நாணயம்) இருந்தது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இருந்த வரிச் சலுகையால் கையில் வந்தது ஏறக்குறைய 2,570 லெய், அதாவது 500 யூரோவுக்குச் சற்று மேல். முகவர் "எண்ணூறு யூரோ" என்று சொன்னால், அது பிடித்தத்துக்கு முன்பா பின்பா, ஓவர்டைம் சேர்த்தா சேர்க்காமலா என்று எழுத்தில் வாங்குங்கள்.

தங்குமிடத்தை யார் தருகிறார்கள், ஓர் அறையில் எத்தனை பேர், சாப்பாடு உண்டா, அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பவற்றையும் கேட்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்தில் போகிறவர் வாடகையும் சொந்தமாகக் கட்ட வேண்டியிருந்தால், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது மிகக் குறைவு. கடன் வாங்கிக்கொண்டு அப்படிப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

படி 3: வேலை அனுமதி

இதற்கு விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, முதலாளி. உங்கள் பாஸ்போர்ட் நகல், தன்விவரக் குறிப்பு, காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று, வேலைக்கு ஏற்ற கல்வி அல்லது பயிற்சிச் சான்று ஆகியவற்றை அனுப்புவீர்கள். நிறுவனம் அவற்றை ருமேனியக் குடிவரவு அலுவலகத்தில் கொடுக்கும். முடிவுக்குச் சட்டப்படி 30 நாள்; கூடுதல் சரிபார்ப்பு தேவைப்பட்டால் இன்னும் 15 நாள்.

அனுமதி வந்ததும் வார்த்தைக்கு வார்த்தை படியுங்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா? முதலாளியின் பெயர் நீங்கள் சரிபார்த்த அதே நிறுவனம்தானா? வேலை என்ன? நிரந்தரத் தொழிலாளி என்றிருக்கிறதா, பருவகாலத் தொழிலாளி என்றிருக்கிறதா? பருவகால அனுமதி சில மாதங்களுக்கு மட்டுமே. இரண்டு ஆண்டு வேலை என்று நம்பிப் போகிறவர் கையில் அது இருக்கக் கூடாது.

படி 4: விசா

அனுமதி கிடைத்த பிறகே நீண்டகால வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். ருமேனிய வெளியுறவு அமைச்சகத்தின் இ-விசா தளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றிவிட்டு, நேர்காணலுக்குத் தூதரகம் செல்ல வேண்டும்: இந்தியர்களுக்குப் புது டெல்லி, இலங்கையர்களுக்குக் கொழும்பு. விசாக் கட்டணம் 120 யூரோ. நிறுவனத்தின் பெயர், வேலை, சம்பளம், ஊர் ஆகியவற்றை நேர்காணலில் கேட்பார்கள். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. படி 1ஐ ஒழுங்காகச் செய்தவருக்கு விடைகள் தெரிந்தே இருக்கும்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 5: போய்ச் சேர்ந்த முதல் மூன்று மாதங்கள்

விசா 90 நாள் தங்குவதற்குத்தான். அது முடிவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே குடிவரவு அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிடாமல், தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் கேளுங்கள். தேதி தவறினால் நாட்டில் சட்டவிரோதமாக இருப்பவர் நீங்கள்தான், நிறுவனம் அல்ல.

வேலை ஒப்பந்தம் ருமேனிய மொழியில் எழுத்தில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியிலும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, இரண்டையும் கைபேசியில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். வாரத்துக்கு 40 மணி நேர வேலை. ஓவர்டைம் செய்தால் ஈடாகச் சம்பளத்துடன் ஓய்வு தர வேண்டும், இல்லையேல் குறைந்தது 75 சதவீதம் கூடுதல் ஊதியம் தர வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 20 வேலைநாள் சம்பள விடுப்பு உண்டு. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். கனமான மேலாடையை அங்கேயே வாங்குங்கள், இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குப் போதாது.

படி 6: வேலை சரியில்லை என்றால்

முதல் ஆண்டுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற, இப்போதைய முதலாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவைப்படும். புதிய நிறுவனமும் உங்களுக்காகப் புதிய அனுமதி பெற வேண்டும். சம்பளம் தரவில்லை, ஒப்பந்தத்தில் உள்ளபடி நடக்கவில்லை என்றால் அந்த மாவட்டத்தின் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். இந்தியர்கள் புகாரெஸ்டில் உள்ள இந்தியத் தூதரகத்தையும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தையும் நாடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

இன்னொரு யோசனையும் காதில் விழும்: "ருமேனியா இப்போது ஷெங்கனில் இருக்கிறது, அப்படியே இத்தாலிக்குப் போய்விடலாம்." ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரவிடும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ருமேனியாவுக்கு 2025 ஜனவரி முதல் தரைவழி எல்லைச் சோதனையும் நீங்கியிருப்பது உண்மை. ஆனால் ருமேனிய அட்டையை வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்ய முடியாது. அப்படிப் போகிறவர் ஒப்பந்தம், அட்டை, காப்பீடு மூன்றையும் ஒரே நாளில் இழக்கிறார். இத்தாலியில்தான் வேலை வேண்டுமென்றால், ஒரு இத்தாலிய முதலாளி மூலம் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.