இ-ரீடரில் சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்க

மின்புத்தகம் படிக்கிற இ-ரீடர் கருவிகளில் ஒன்றான கிண்டிலை வாங்கிய பலரும் சொல்வது இதுதான்: "வாரக்கணக்கில் நிற்கும்னாங்க, எட்டு நாள்கூட தாங்கலீங்க." அந்த வாரக்கணக்கு, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் படித்து, வைஃபையை அணைத்து, வெளிச்சத்தைப் பாதியில் வைத்தால் கிடைப்பது. ஈரோட்டிலிருந்து கோவைக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர் போக வர மூன்று மணி நேரம் படித்தால், ஆறு வாரம் நிற்கும் என்று சொன்ன சார்ஜ் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். பேட்டரி மேல் குற்றமில்லை.

இதில் இருக்கும் காகிதம் போன்ற இ-இங்க் திரை, பக்கம் மாறும்போது மட்டும்தான் கரண்ட் எடுக்கும், மாறிய பிறகு எழுத்து சும்மாவே நிற்கும். சார்ஜைத் தீர்ப்பதெல்லாம் திரை விளக்கும் வைஃபையும்தான். அதனால் புத்தகத்தை இறக்கியதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்க, பகலில் விளக்கை அணைத்துவிடுங்க. இந்த இரண்டிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறமும் ராத்திரியோடு ராத்திரியாக சார்ஜ் இறங்கினால், சமீபத்தில் மொத்தமாகப் புத்தகம் ஏற்றினீர்களா என்று யோசியுங்க. தேடுவதற்கு வசதியாக ஒவ்வொரு புத்தகத்தின் சொற்களையும் கருவி உள்ளுக்குள் பட்டியல் போடும், அது முடிகிற வரை சார்ஜ் வேகமாகக் குறையும். நூறு இருநூறு என்று ஏற்றியிருந்தால் சார்ஜரில் செருகி ஒரு ராத்திரி விட்டுவிடுங்க. பழுதான கோப்பு ஒன்று நடுவில் இருந்தால் இந்த வேலை முடியவே முடியாது. பழைய கிண்டில்களில் இதைக் கண்டுபிடிக்க, எந்தப் புத்தகத்திலும் இருக்க முடியாதபடி நாலைந்து எழுத்தைக் கன்னாபின்னாவென்று தட்டித் தேடிப் பாருங்க, இன்னும் பட்டியல் போடாத புத்தகங்களைத் தனியாகக் காட்டும். நாள் கழித்தும் அதே புத்தகம் நின்றால், அதை அழித்துவிட்டு வேறு கோப்பு ஏற்றுங்க.

இதையெல்லாம் விட நம்ம ஊர்ப்பக்கம் கவனிக்க வேண்டியது சூடு. உள்ளே இருப்பது லித்தியம்-அயான் பேட்டரி, 35 டிகிரிக்கு மேல் போனால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும், ஒருமுறை குறைந்தது திரும்பி வராது. கரூரிலும் ஈரோட்டிலும் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40ஐத் தொடுகிறது. அப்படியிருக்க ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ, சோமனூர்ப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட தறிக்கூடத்து ஜன்னல் திட்டிலோ மத்தியானம் முழுக்க வைத்தால் என்ன ஆகும்? அதுவும் 100 சதவீதம் ஏற்றி வெயிலில் வைப்பது இருப்பதிலேயே மோசம். சார்ஜ் போடும்போது உறையைக் கழற்றிவிடுங்க, தலையணைக்கு அடியில் வைக்காதீங்க. முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிக்குச் சொன்னது, இதற்கு வேண்டாம், 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மாசக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு அணைத்து, அலமாரியில் வையுங்க.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். பக்கம் நன்றாகத் திரும்புகிற கருவியைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது, புது பேட்டரி போடுவதுதான் சரி. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்க, இ-ரீடர் திறந்து பழகிய கடைதானா என்று முதலில் கேளுங்க, திரைக்குள் இருக்கும் மெல்லிய கண்ணாடி லேசாக நெம்பினாலே விரிசல் விடும். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, அன்றைக்கே கடையில் கொடுத்துவிடுங்க.