பழைய மேனுவல் டெலிஃபோட்டோ லென்ஸை இன்றைய டிஜிட்டல் கேமராவில் பயன்படுத்தும் முறை: காவிரிப் படுகையில் படமெடுப்போருக்கு

ஃபிலிம் கேமராக்களுக்காகச் செய்யப்பட்ட, தொலைவுப் பொருளை நெருக்கிக் காட்டும் 135, 200, 300 மி.மீ. டெலிஃபோட்டோ லென்ஸ்களைப் பழைய ஸ்டுடியோக்காரர்களின் அலமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும் இன்றும் காணலாம். ஆட்டோஃபோகஸ் உள்ள புதிய லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கே இவை கைமாறுகின்றன. நல்ல நிலையில் உள்ள ஒன்றைப் பொருத்தமான அடாப்டருடன் (இணைப்பு வளையம்) மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே ஆடி இல்லாதது) மாட்டினால், பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சிற்பங்களையும் வடுவூர் ஏரியின் நாரைகளையும் தெளிவாகவே எடுக்க முடியும். ஆனால் ஃபோகஸையும் அபெர்ச்சரையும் (ஒளி புகும் துளையின் அளவு) கையால் திருப்ப வேண்டிய இந்த லென்ஸைக் கொண்டு, பொருளைத் துரத்திப் படமெடுக்க முடியாது. எந்த இடத்தில், எவ்வளவு தூரத்தில் படம் அமையப்போகிறது என்பதை, பொருள் அங்கே வந்து சேரும் முன்பே முடிவு செய்து காத்திருப்பவருக்குத்தான் இது உதவும்.

வாங்குவதற்கு முன் லென்ஸைக் கவனமாகச் சோதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும் நம் பகுதியில் பழைய லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சைதான். அபெர்ச்சரை முழுவதும் திறந்துவிட்டு, பின்புறத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்புறத்தில் சற்றுச் சாய்வாகப் பார்த்தால், நூலாம்படைபோல் கிளைவிட்டிருக்கும் பூஞ்சை தெரிந்துவிடும். ஓரத்தில் மிகச் சிறிய புள்ளியாக இருந்தால் படத்தில் அது தெரியாது. நடுவில் படர்ந்திருந்தாலோ கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தாலோ அந்த லென்ஸை விட்டுவிடுவதே நல்லது. சில தூசுத் துகள்களையும் முன் கண்ணாடியில் உள்ள ஒரு மெல்லிய கீறலையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. கண்ணாடி முழுவதும் பால்போல் மங்கியிருந்தால் படத்தின் ஒளி-நிழல் மாறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், கீறலைவிட அந்த மங்கலுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, ஃபோகஸ் வளையம் முழுச் சுற்றும் ஒரே சீராகத் திரும்புகிறதா, திருகுகளின் தலை யாரோ கழற்றியதுபோல் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவோடு இணையும் வாய். லென்ஸின் மவுண்ட் தளத்திலிருந்து ஃபிலிம் இருக்கும் தளம் வரையுள்ள தூரம் ஒவ்வொரு கேமரா வகைக்கும் வேறுபடும். எந்த லென்ஸ் எந்த கேமராவில் பொருந்தும் என்பதை அந்தத் தூரமே தீர்மானிக்கிறது. திருகு மரை உள்ள எம்42 வகைக்கு அது 45.46 மி.மீ.; நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5, கேனான் எஃப்டிக்கு 42. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் சோனி இ மவுண்டுக்கு 18, நிக்கான் இசட்டுக்கு 16, கேனான் ஆர்எஃப்புக்கு 20 மி.மீ. மட்டுமே. இடையில் மிஞ்சும் இடத்தை ஒரு வெற்று உலோகக் குழாயால் நிரப்பிவிடலாம் என்பதால், மிரர்லெஸ் கேமராவில் ஏறக்குறைய எந்தப் பழைய எஸ்எல்ஆர் (ஆடி வைத்த ஃபிலிம் கேமரா) லென்ஸும் வேலை செய்கிறது. ஆடி வைத்த டிஜிட்டல் கேமராவான டிஎஸ்எல்ஆரில் இந்தச் சுதந்திரம் கிடையாது. கேனான் இஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ. என்பதால் எம்42 லென்ஸை அதில் எளிதாகப் பொருத்தலாம். அதே இஎஃப் மவுண்டில் எஃப்டி லென்ஸையோ, நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 லென்ஸையோ மாட்டினால், இடையில் ஒரு திருத்தக் கண்ணாடி இல்லாமல் தொலைவில் ஃபோகஸ் ஆகாது. மலிவான அடாப்டர்களில் வரும் அந்தக் கண்ணாடி படத்தின் கூர்மையைக் குறைத்துவிடுவதால், அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. 1977க்கு முன் வந்த, லென்ஸின் அபெர்ச்சரைக் கேமராவுக்கு உணர்த்தும் ஏஐ முறைக்கு மாற்றப்படாத, நிக்கானின் நிக்கார் லென்ஸ்களைப் பல நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் வலிந்து மாட்டினால் மவுண்ட் ஓரத்தில் உள்ள சிறு நெம்பு உடையக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடாப்டர் வாங்கும்போது அபெர்ச்சர் எப்படி இயங்கும் என்பதைக் கேட்டறிவது அவசியம். எம்42 லென்ஸ்களில் பலவற்றில் ‘ஏ’, ‘எம்’ என்ற ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதை ‘எம்’ நிலையில் வைத்தால்தான் வளையத்தைத் திருப்பும்போது இதழ்கள் மூடும். அந்தச் சுவிட்ச் இல்லாத லென்ஸுக்கு, பின்புறத்து ஊசியை அழுத்திப் பிடிக்கும் உள்விளிம்பு கொண்ட அடாப்டர் தேவை. எஃப்டி அடாப்டரில் உள்ள வளையத்தைப் பூட்டு நிலைக்குத் திருப்பாவிட்டால் அபெர்ச்சர் அசையாது. அடாப்டரின் உட்புறம் பளபளப்பாக இருந்தால், ஒளி அதில் பட்டுத் தெறித்துப் படம் முழுவதும் வெளிறும். உள்ளே மங்கலான கறுப்புத் தாளையோ வெல்வெட் துணியையோ ஒட்டினால் கண்கூடாக மாற்றம் தெரியும்.

கேமராவில் மாற்ற வேண்டியவை சிலவே. மின்தொடர்பு இல்லாத லென்ஸைக் கேமரா உணராது. ஆகையால் லென்ஸ் பொருத்தாத நிலையிலும் ஷட்டரை இயக்க அனுமதிக்கும் தெரிவை மெனுவில் தேடி இயக்க வேண்டும். கேமராவுக்குள் அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால் குவியத் தூரத்தை நாமே உள்ளிட வேண்டும். 200 மி.மீ. லென்ஸுக்கு 200 என்றே இட வேண்டும். ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்காக 1.5 ஆல் பெருக்கி 300 என்று இடுவது தவறு, அந்தப் பெருக்கல் காட்சிக் கோணத்தை ஒப்பிடுவதற்கு மட்டுமே உரியது. லென்ஸை மாற்றும்போதெல்லாம் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். அபெர்ச்சர் முன்னுரிமை முறையில் (அபெர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்வது) ஒளி அளவீடு வழக்கம்போல் நடக்கும். எந்த அபெர்ச்சரில் எடுத்தோம் என்பது கோப்பில் பதியாது என்பதால், கற்கும் காலத்திலாவது ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது பயன் தரும்.

ஃபோகஸ்தான் இந்தக் கலையின் உயிர். ஏபிஎஸ்-சி கேமராவில் 200 மி.மீ. லென்ஸை எஃப் 4 இல் (எஃப் எண் கூடக்கூட அபெர்ச்சர் சிறிதாகும்) வைத்து 10 மீட்டரில் நிற்கும் கொக்கை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 40 செ.மீ.; 5 மீட்டரில் அதுவே 10 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஃபோகஸ் ஆன விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங் வசதியை மட்டும் நம்பினால் இந்த அளவு துல்லியம் கிடைக்காது. பீக்கிங் காட்டும் பகுதி உண்மையான கூர்மைப் பகுதியைவிட அகலமானது. அதிலும் நெற்பயிருக்கு நடுவே நிற்கும் பறவையைப் பார்த்தால் ஒவ்வொரு தாளும் வண்ணம் காட்டி, பறவை அதற்குள் மறைந்துவிடும். எனவே பீக்கிங்கின் உணர்திறனைக் குறைவாகவும் நிறத்தைச் சிவப்பாகவும் வைத்து, படப்பாணியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொண்டால், சாம்பல் காட்சியில் சிவப்புக் கோடுகள் மட்டும் தனித்துத் தெரியும். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பில் வண்ணம் முழுமையாகவே இருக்கும். தோராயமான இடத்தைப் பீக்கிங்கால் கண்டுகொண்டு, பிறகு காட்சியைப் பெரிதாக்கும் பொத்தானை அழுத்திக் கண்ணில் ஃபோகஸைச் சரிசெய்வதே நம்பகமான முறை. அந்தப் பெரிதாக்கலை விரல் எளிதில் எட்டும் ஒரு பொத்தானுக்கு ஒதுக்கி வைப்பது இன்றியமையாதது.

அசையும் பறவைக்கு இந்த முறை போதாது. அங்கேதான் தூரத்தை முன்னதாக முடிவு செய்யும் பழக்கம் கைகொடுக்கிறது. டெல்டாவின் நிலம் தட்டையானது. வரப்பு, மதகுக் கட்டை, வாய்க்கால் ஓரத்து முளைக்குச்சி, மின்கம்பி என்று பறவைகள் அமரும் இடங்களும் வெட்டவெளியில் தெரிகின்றன. கரிச்சானோ பனங்காடையோ பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். வெண்மார்பு மீன்கொத்தியும் தனக்குப் பழகிய கிளையை எளிதில் விடுவதில்லை. பறவை இல்லாத நேரத்தில் அந்தக் குச்சியின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸை நிறுத்தி, வளையத்தைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். பறவை வந்து அமர்ந்ததும் தொடர்படமாக எடுத்தபடியே, உடலை மிகச் சிறிதளவு முன்னும் பின்னும் சாய்த்தால், எடுத்தவற்றில் ஒன்றிரண்டு படங்களில் கண் கூர்மையாக விழும். பறக்கும் நத்தைக்குத்தி நாரைக்கு, அது கடந்து வரும் பாதைக்குச் சம தூரத்தில் உள்ள ஒரு பனைமரத்தில் ஃபோகஸை வைத்துவிட்டு, அந்தத் தளத்துக்குள் பறவை நுழையும்போது எடுக்கலாம். ஷட்டர் வேகம் 1/1600 விநாடி அல்லது அதற்கும் மேல் இருக்கட்டும்.

தொலைவுக் காட்சிகளுக்கு வளையத்தை முடிவிலிக் குறி வரை இறுதியாகத் திருப்பிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அடாப்டர்கள் உரிய அளவைவிடச் சற்று மெல்லியதாகவே செய்யப்படுகின்றன. நீண்ட லென்ஸ்கள் சிலவும், வெப்பத்தில் உலோகம் விரிவதைக் கருதி, முடிவிலியைத் தாண்டித் திரும்பும்படியே அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே கடைசி வரை திருப்பினால் தொலைவிலுள்ள கோபுரம் மங்கலாகத்தான் வரும். அங்கும் பெரிதாக்கிப் பார்த்தே ஃபோகஸ் செய்ய வேண்டும்.

லென்ஸைத் தாங்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 300 மி.மீ. லென்ஸின் பாரம் அடாப்டர் மேல் விழாதபடி இடது உள்ளங்கையால் லென்ஸின் அடியைத் தாங்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளையத்தைத் திருப்ப வேண்டும். முக்காலி வளையம் லென்ஸில் இருந்தால் கேமராவை அல்லாமல் லென்ஸையே முக்காலியில் பொருத்த வேண்டும். ஏபிஎஸ்-சியில் 200 மி.மீ. லென்ஸுக்கு 1/320 விநாடி குறைந்த அளவு என்று விதி சொன்னாலும், அதிர்வுக் கட்டுப்பாடு இல்லாத கேமராவில் 1/500க்குக் கீழே இறங்காதிருப்பது நல்லது. இன்றைய சென்சார்களில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 1600 வைப்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

பழைய டெலிஃபோட்டோ லென்ஸ்களில் பல, முழுத் திறப்பில் மென்மையாக இருந்து எஃப் 5.6 அல்லது எஃப் 8 இல்தான் முழுக் கூர்மை பெறுகின்றன. முழுத் திறப்பில் வெண்கொக்கின் ஓரங்களிலும், வானத்தை எதிர்த்து நிற்கும் கலசத்தின் விளிம்பிலும் ஊதா அல்லது பச்சை நிறக் கசிவு தெரியும். அபெர்ச்சரை இரண்டு நிறுத்தம் (ஒவ்வொன்றும் ஒளியைப் பாதியாக்கும் படி) மூடினால் பெரும்பாலும் குறையும். மிச்சத்தை டார்க்டேபிள் போன்ற மென்பொருளில் நீக்கலாம். பச்சை வயலின் நடுவே நிற்கும் வெண்பறவைக்குக் கேமரா காட்டும் அளவைவிட மூன்றில் இரண்டு பங்கு நிறுத்தம் முதல் ஒரு நிறுத்தம் வரை ஒளியைக் குறைத்தால் இறகின் நுண்வரிகள் அழியாமல் இருக்கும். வெயிலில் லென்ஸ் ஹுட் இல்லாமல் எடுக்கவே கூடாது. பழைய மேற்பூச்சுகள் பக்கவாட்டு ஒளியைத் தாங்குவதில்லை. 500 மி.மீ. கண்ணாடி வகை லென்ஸ்கள், அதாவது உள்ளே ஆடி வைத்தவை, கைக்கு அடக்கமானவை. ஆனால் பெரும்பாலும் அவற்றின் அபெர்ச்சர் எஃப் 8 இல் நிலையாக இருக்கும், பின்னணியில் மின்னும் நீர்த்திவலைகள் யாவும் வளையங்களாகப் பதியும். ஏரிக்கரையில் எடுப்பவர் இதை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

எவ்வளவு நல்ல லென்ஸும் கானலை வெல்லாது. காலை ஒன்பது மணிக்கு மேல் அறுத்த வயலிலும், வேதாரண்யத்து உப்பளங்களிலும், கோடியக்கரைக் கழிமுகத்திலும் தரைக்கு மேல் காற்று நெளியத் தொடங்கிவிடும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரைக் கூட்டம் எந்த லென்ஸிலும் குழைந்தே வரும். அதை ஃபோகஸ் பிழை என்று எண்ணி வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை. 1967இல் சரணாலயமாகவும் 2002இல் ராம்சார் தலமாகவும் (உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட கோடியக்கரைக்குச் செல்வோர், சூரியன் எழும்போதே இடத்தில் இருந்து, வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ள வேண்டும். வெளிமான்களுக்கும் இதே விதிதான். அகலமான நிலத்தைக் கடந்து எடுப்பதைவிட, ஓரமாக அமர்ந்து பறவை நெருங்கி வரும்வரை பொறுத்திருப்பது கானலையும் குறைக்கும், பறவைகளையும் கலைக்காது.

அசையாப் பொருளைத் தேர்ந்து கற்க விரும்புவோருக்குச் சோழர் கோயில்களைவிடச் சிறந்த பள்ளி கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம். 60 மீட்டர் தொலைவிலிருந்து ஏபிஎஸ்-சி கேமராவில் 200 மி.மீ. லென்ஸால் பார்த்தால் ஏறத்தாழ 7 மீட்டருக்கு 4.7 மீட்டர் பரப்பு மட்டும் சட்டத்துக்குள் அடங்கும். ஒரு தளத்தின் சில உருவங்களை மட்டும் தேர்ந்து, எஃப் 8 இல், காலையோ மாலையோ சாய்ந்த வெயிலில் எடுத்தால் கல்லின் செதுக்கல் நன்கு புடைத்துத் தெரியும். கங்கைகொண்ட சோழபுரத்திலும் தாராசுரத்திலும் இதே முறை பொருந்தும். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இக்கோயில்களில் முக்காலிக்கு முன் அனுமதி தேவைப்படும் என்பதால், திருச்சுற்று மண்டபத் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி எடுக்கப் பழகுவது நல்லது.

வேலை முடிந்ததும் பாதுகாப்பு. கோடை வெயிலில் மூடிய காருக்குள் லென்ஸை விட்டுச் சென்றால், உள்ளே உள்ள கிரீஸ் இளகி அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படியும். மழைக்காலத்தில் தோல் உறைக்குள்ளோ துணிப்பைக்குள்ளோ வைப்பது பூஞ்சையை வளர்ப்பதற்கே ஒப்பாகும். அந்த உறைகளே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ரப்பர் விளிம்பு கொண்ட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லையும் ஒரு சிறு ஈரமானியையும் வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறும் வகை ஜெல் ஈரத்தால் நிறம் மாறியதும் வெயிலிலோ வாணலியில் மெல்லிய சூட்டிலோ உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, ஃபோகஸ் வளையத்தையும் அபெர்ச்சரையும் முழுச் சுற்றும் திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே வைக்க வேண்டும்.