கல்யாண ஜவுளியை ஆடியிலும் ஆவணியிலுமாகப் பிரித்து வாங்குங்கள்

ஆவணியில் கல்யாணமா? முகூர்த்தப் புடவையையும் மாப்பிள்ளை வேட்டியையும் மட்டும் ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து எடுங்கள். உறவினருக்கு வைத்துக் கொடுக்கும் புடவை, வேட்டி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் ஆடித் தள்ளுபடியிலேயே முடித்துவிடலாம்.

ஆடியில் நம் வீடுகளில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஜவுளிக் கடைகளில் கூட்டம் குறையும். அந்த மந்தத்தைச் சமாளிக்கவும், தீபாவளிச் சரக்குக்கு இடம் பண்ணவும்தான் தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் இந்தத் தள்ளுபடி. "ஆடியில் நல்ல காரியத்துக்கு எடுக்கலாமா?" என்று பெரியவர்கள் தயங்குவது பெரும்பாலும் முகூர்த்தப் பட்டுக்குத்தான். அந்த மனசை மதித்து அதைத் தனியாக வைத்துவிட்டால், மீதிப் பட்டியலுக்கு வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். பணமும் இந்த மீதியில்தான் நிறையப் போகும்.

ஒரு விஷயம்: ஆனியிலேயே கடைக்குப் போய், பிடித்த ரகத்தின் விலைச்சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி போட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

தைக் கல்யாணத்துக்குக் கைத்தறிப் பட்டுதான் வேண்டும் என்றால் ஆடியில் அவசரப்பட வேண்டாம். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு வழக்கமாக 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஒரே நிறத்தில் பத்துப் பதினைந்து புடவை தேவைப்பட்டாலும் ஆடித் தள்ளுபடிச் சரக்கை நம்ப முடியாது, முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் சரி.