பரோக் காலச் சமாதானப் பதக்கங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரோக் கலைப்பாணி செழித்த 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய போர்கள் முடிந்தபோது, உடன்படிக்கையின் நினைவாகப் பதக்கங்கள் வெளியிட்டார்கள். அவற்றில் வரும் உருவங்கள் பெரும்பாலும் பழைய ரோமானிய நாணயங்களிலிருந்து எடுத்தவை. அந்த நாணயங்களைப் பார்க்காமலே பதக்கத்துக்கு விளக்கம் சொல்லப் புகுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் அதிலிருந்தே கிளைக்கின்றன.

குவிந்து கிடக்கும் ஆயுதங்களுக்கு ஒரு பெண் தீப்பந்தத்தால் தீ வைக்கிறாள் என்றால், அது போரின் அழிவைக் காட்டும் படம் அல்ல. அவள் பாக்ஸ், ரோமானியரின் சமாதான தேவதை. ரோமானியப் பேரரசர் வெஸ்பாசியனின் நாணயங்களிலேயே இந்தக் காட்சி உண்டு. மூடிய கதவுடன் நிற்கும் கோயிலும் அப்படித்தான்: ரோமில் வாயில்களின் கடவுளான ஜானஸின் கோயில் கதவு போர்க்காலத்தில் திறந்திருக்கும், அமைதி வந்தால் மூடப்படும். இரண்டு பாம்புகள் சுற்றிய சிறகுள்ள தண்டத்தை மருத்துவச் சின்னம் என்று எழுதிவிடாதீர்கள். அது தேவர்களின் தூதரும் வணிகக் கடவுளுமான மெர்குரியின் தண்டம். சமாதானத்தையும் வணிகத்தையும் குறிப்பது. மருத்துவக் கடவுளின் கோலில் ஒரே பாம்புதான்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று: ஆலிவ் கிளையைக் கண்டதும் இரு தரப்பும் சமமாகக் கைகுலுக்கிக்கொண்டன என்று நம்பிவிடுவது. ஸ்பானிய வாரிசுரிமைப் போரை முடித்த 1713 உட்ரெக்ட் உடன்படிக்கைக்குப் பதக்கச் சிற்பி ஜான் குரோக்கர் செய்த ஆங்கிலேயப் பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பிரிட்டனின் பெண் உருவகமான பிரிட்டானியா ஆலிவ் கிளையை நீட்டுகிறாள். ஒரு பக்கம் கப்பல்கள், மறுபக்கம் ஏர் உழும் மனிதர்கள். ஆனால் அவளுடைய மற்றொரு கையில் ஈட்டியும் கேடயமும் இருக்கின்றன. முன்பக்கத்தில் அரசி ஆன் தலையில் சூடியிருப்பது லாரல் மாலை, அதாவது வெற்றி மாலை. பின்பக்கத்தைச் சுற்றிலும் பொறித்த லத்தீன் வரி ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் கவிதையிலிருந்து வந்தது. பேரரசர் அகஸ்டஸின் முன் பகைவர்கள் ஆயுதங்களைக் கீழே வைத்து வணங்குவதாக அந்தக் கவிதை பாடுகிறது. இது வென்றவர் அறிவிக்கும் சமாதானம். இலையை மட்டும் பார்த்தால் இந்தச் செருக்கு கண்ணில் படாது.

பதக்கத்தில் உள்ள ஆண்டையே அது அடிக்கப்பட்ட ஆண்டாகக் கொள்வதும் தவறு. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் சாதனைகளைச் சொல்லும் பதக்க வரிசை 1702இல் நூலாகவும் வெளிவந்தது. அந்த வரிசையில் பல பதக்கங்கள், அவை சொல்லும் நிகழ்ச்சி நடந்து வெகுகாலம் கழித்துச் செய்யப்பட்டவை. ஆகவே உடன்படிக்கை கையெழுத்தானபோது மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவற்றைச் சாட்சியாக அழைக்க முடியாது.