மதிய பீரியடில் ஏழாம் வகுப்பைச் சமாளிப்பது எப்படி?

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பாடம் நடத்துவதைவிடப் பிள்ளைகளை உட்கார வைப்பதுதான் பெரிய வேலை. டீச்சர் பாராட்டுவதைவிடப் பக்கத்து பெஞ்ச் சிரிப்பது முக்கியமாகப்படும் வயது அது. அதிலும் சத்துணவு முடிந்து, வெயிலில் ஓடியாடி, வியர்வையோடு வந்து உட்காரும் மதிய முதல் பீரியட்தான் கடினம்.

சத்தம் பெரும்பாலும் குறும்பால் வருவதில்லை, கைக்கு வேலை இல்லாத இடைவெளியில் வருகிறது. எனவே பெல் அடிக்கும் முன்பே கரும்பலகையில் மூன்று கணக்கு எழுதிவிட்டு வாசலில் நில்லுங்கள். உள்ளே வருபவர்கள் நேராக ரஃப் நோட்டை எடுத்துப் போட வேண்டும். முதல் இரண்டும் எல்லோராலும் முடிகிற கணக்காக இருக்கட்டும். முதலாவதே கடினமாக இருந்தால் "சார், புரியல" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் கிளம்பும், அதோடு ஒழுங்கு போயிற்று. அவர்கள் எழுதும் ஐந்து நிமிடத்தில், பெயர் கூப்பிடாமல் காலி இடங்களைப் பார்த்தே வருகைப் பதிவை முடித்துவிடலாம்.

தண்ணீர், கழிப்பறைக்கு ஒரு நேரத்தில் ஒருவர் போகலாம். பெண் பிள்ளைகள் கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். மாதவிடாய் தொடங்கும் வயது இது.

பாடத்தின் நடுவே ஒருவன் பேசினால் பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அடங்கவில்லையா? அவன் பெஞ்சருகே நின்று பாடத்தைத் தொடருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "நாலாவது கணக்கைப் போடு, ரெண்டு நிமிஷத்துல வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கேயே நின்றால் நண்பர்கள் முன்னால் கெத்தை விட்டுக்கொடுக்க முடியாமல் எதிர்த்துப் பேசுவான். சொன்னபடி ரெண்டு நிமிடத்தில் திரும்பிப் போவது கட்டாயம். ஒரு தடவை மறந்தாலும் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு குறைந்துவிடும்.

பேசுபவர்கள் பெயரை லீடரை விட்டுப் போர்டில் எழுத வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. லீடரின் நண்பன் பெயர் அதில் வரவே வராது. பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் ஏறிக்கொண்டே போகும். மிட்டாய் கைமாறினால் பெயர் அழிபடும். ஆசிரியர் திரும்பி வரும்போது புதிதாக ஒரு சண்டை காத்திருக்கும். நாலு பேர் பேசியதற்கு வகுப்பையே நிற்க வைப்பதும் இதே ரகம்தான்: ஒழுங்காக இருந்த முப்பது பேர் உங்கள் பக்கத்திலிருந்து விலகிவிடுவார்கள்.

பிரம்பைப் பற்றிச் சுருக்கமாக: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது, மீறினால் துறை நடவடிக்கை உண்டு. வகுப்பின் முன்னால் அவமானப்படுத்தும் பேச்சும் இதில் சேரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஓயாமல் தொந்தரவு தருபவனை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அவன் எப்போது ஆரம்பிக்கிறான் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். சத்தமாக வாசிக்கும் முறை தன் பெஞ்சை நெருங்கும்போதெல்லாம் பேனா கீழே விழுகிறது, பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுகிறான் என்றால், பெரும்பாலும் அவனுக்கு வாசிக்க வராது. படிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிடச் சேட்டைக்காரன் என்ற பெயர் அவனுக்குக் கௌரவம். யாரும் இல்லாத நேரத்தில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறினால் தண்டனையால் ஒன்றும் ஆகாது. தினமும் பத்து நிமிடம் தனியே வாசிக்க வையுங்கள். வகுப்பில் வாசிக்கச் சொல்வதாக இருந்தால், எந்த மூன்று வரி என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வீட்டில் பழகிக்கொண்டு வருவான்.

பெற்றோரை வரவழைத்தால், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குத் தலையாட்டாதீர்கள், வீட்டில் அடி விழும்படி குற்றப் பட்டியலும் வாசிக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், போன் எவ்வளவு நேரம் அவன் கையில் இருக்கிறது, காலையில் சாப்பிட்டு வருகிறானா என்று கேளுங்கள். போகும்போது அவன் அந்த வாரம் உருப்படியாகச் செய்த ஒரு வேலையை அவன் காதில் விழும்படி சொல்லி அனுப்புங்கள்.