கிளஸ்டருக்குள்ளேயே ஒரு ரெஜிஸ்ட்ரி: இமேஜைப் புஷ் செய்வது எப்படி?

பயிற்சிக்காக வைத்திருக்கும் குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் (கன்டெய்னர்களை ஓட்டும் கணினிகளின் கூட்டம், அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு) நமக்கென்று ஒரு ரெஜிஸ்ட்ரி, அதாவது இமேஜ் கிடங்கு, வைத்து, இமேஜை (ஆப்பை ஓட்டத் தேவையானதெல்லாம் அடங்கிய பொதி) அதில் ஏற்றி, அங்கிருந்தே ஒரு பாட் (கன்டெய்னர் ஓடும் சிறு அலகு) ஓட்டப் போகிறோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள். உங்கள் கணினியில் லினக்ஸும் டாக்கரும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ரெஜிஸ்ட்ரியை அமைப்பது

'ரெஜிஸ்ட்ரி:2' இமேஜை வைத்து, ரெப்ளிகா (பிரதி) 1 என்று ஒரு டிப்ளாய்மென்ட் (எந்தப் பாட் எத்தனை ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) எழுதுங்கள். அது 5000 போர்ட்டில் கேட்கும், இமேஜ்களை /வார்/லிப்/ரெஜிஸ்ட்ரி ஃபோல்டரில் வைக்கும். அந்த ஃபோல்டரில் ஒரு பெர்சிஸ்டன்ட் வால்யூமை (பாட் போனாலும் அழியாத சேமிப்பிடம்) மவுன்ட் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பாட் மாறும்போது ஏற்றியதெல்லாம் போய்விடும்.

படி 2: சர்வீஸ்

பாடுக்கு நிலையான முகவரி தருவது சர்வீஸ். பெயர் ரெஜிஸ்ட்ரி, வகை நோட்போர்ட் (நோடின் ஒரு போர்ட் வழியாக சர்வீஸை எட்டும் வகை), போர்ட் 5000, நோட்போர்ட் எண் 30500. இந்த எண் வழக்கமாக 30000 முதல் 32767 வரைக்குள் இருக்க வேண்டும்.

படி 3: ஒரே பெயர்

கவனம் தேவைப்படுவது இங்கேதான். இமேஜ் பெயரில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது ரெஜிஸ்ட்ரியின் முகவரி. பலர் அங்கே சர்வீஸின் உள் பெயரை, அதாவது 'எஸ்விசி.கிளஸ்டர்.லோக்கல்' என்று முடிவதை எழுதிவிட்டு, 'இமேஜ்புல்பேக்ஆஃப்' (இமேஜை இழுக்க முடியவில்லை) பிழையைப் பார்த்துத் திகைக்கிறார்கள். இமேஜை இழுப்பது பாட் கிடையாது, நோடில் ஓடும் கன்டெய்னர்டி என்ற, கன்டெய்னர்களை இயக்கும் மென்பொருள். அது நோடின் டிஎன்எஸ்ஸைத்தான் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) கேட்கும், அதற்குக் கிளஸ்டரின் உள் பெயர்கள் பொதுவாகத் தெரியாது. அதனால் உங்கள் கணினி, நோடு இரண்டிலும் செல்லுபடியாகும் ஒரு பெயர் வேண்டும்: லோக்கல்ஹோஸ்ட்:30500. சர்வீஸ்களுக்கு வரும் போக்குவரத்தைத் திருப்பிவிடும் கியூப்-பிராக்ஸி, லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதிகளைப் பயன்படுத்தும் முறையில் ஓடினால் நோடில் இது நோட்போர்ட் வழியாகக் கிடைத்துவிடும். உங்கள் கணினியில் கிடைக்க இதை ஓட விடுங்கள்:

கியூப்சிடிஎல் போர்ட்-ஃபார்வர்ட் சர்வீஸ்/ரெஜிஸ்ட்ரி 30500:5000

படி 4: புஷ்

அந்த ஜன்னலை மூடாமல் இன்னொன்றைத் திறந்து ('ஆப்:1' என்பது உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் இமேஜ், ':1' அதன் பதிப்பைக் குறிக்கும் டேக்):

டாக்கர் டேக் ஆப்:1 லோக்கல்ஹோஸ்ட்:30500/ஆப்:1
டாக்கர் புஷ் லோக்கல்ஹோஸ்ட்:30500/ஆப்:1

சாதாரணமாக டாக்கர் எச்டிடிபிஎஸ் கேட்டு அடம்பிடிக்கும், ஆனால் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் வெறும் எச்டிடிபியை ஏற்றுக்கொள்ளும், அதனால் சான்றிதழ் வேலை எதுவும் இல்லை. ஏறியதா என்று பார்க்க, அதே முகவரியில் /வி2/_கேட்டலாக் என்பதை பிரவுசரில் திறந்தால் 'ஆப்' என்று பட்டியலில் தெரியும். சரி, இனி உங்கள் யாமல் ஃபைலில் இமேஜ் என்ற இடத்தில் அதே பெயரை எழுத்து மாறாமல் போட்டு அப்ளை செய்யுங்கள், பாட் எழுந்துவிடும்.

அப்புறம், ஆப்பின் கோடை மாற்றிவிட்டு அதே ':1' டேகில் திரும்பப் புஷ் செய்யாதீர்கள். நோடில் அந்தப் பெயரில் இமேஜ் ஏற்கெனவே இருந்தால் புதிதாக இழுக்காது, பழைய கோடே ஓடும். ':2' என்று ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த அமைப்பில் கடவுச்சொல் கிடையாது, நோடை எட்ட முடிகிற யாரும் 30500-க்குள் வரலாம் என்பதால் நிஜப் பயனர்கள் இருக்கும் கிளஸ்டரில் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கம் செய்வது), லாகின், இமேஜ்புல்சீக்ரெட் (இமேஜை இழுக்கக் கிளஸ்டரில் வைக்கும் லாகின் விவரம்) மூன்றும் இல்லாமல் இதை வைக்கவே வைக்காதீர்கள்.